மறுமொழி பெறாத காதல்: ‘மோகமுள்’ பாபுவின் பாத்திர வளர்ச்சி

முன்னுரை

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வெளிவந்து, 1964இல் நூலாக்கம் பெற்றது. கும்பகோணத்தில் கல்லூரிக் கல்வி பயிலும் பாபு, தன்னினும் ஏறத்தாழப் பத்து வயது மூத்த யமுனாவின்மீது கொள்ளும் முதற்காதல் இப்புதினத்தின் மையமாகும். அக்காதல் இறுதியில் உடல்வழி நிறைவேறுவதையே பாபுவின் முதிர்ச்சியாகக் கொள்வது எளிது. ஆனால் அவனது வளர்ச்சியை, யமுனாவின் மறுமொழியைச் செவிமடுக்கும் ஆற்றலைக் கொண்டே அளவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கைக்கிளையின் திரிபு

தொல்காப்பியப் பொருளதிகாரம் கைக்கிளைக்குரிய இரு கூறுகளைச் சுட்டுகிறது. ஒன்று, காமத்திற்குரிய பருவம் எய்தாத இளையவளிடம் தலைவன் விருப்பம் கொள்ளுதல். மற்றொன்று, மறுமொழி பெறாத நிலையிலும் தானே சொல்லி இன்புறுதல். ‘மோகமுள்’ளில் முதற்கூறு தலைகீழாகிறது, இங்குப் பருவம் முதிராதவன் ஆண்மகனே. இரண்டாம் கூறோ மாறாமல் தொடர்கிறது. பாபு யமுனாவைத் தெய்வமாக்கி வழிபடுகிறான். தெய்வம் மறுமொழி கூற வேண்டியதில்லை என்பதே அவ்வழிபாட்டின் வசதி. மராத்தியத் தாய்க்கும் தமிழ் அந்தணத் தந்தைக்கும் பிறந்தமையால் யமுனாவின் திருமணப் பேச்சுகள் தடைப்படுகின்றன. பாபு அதற்காக வருந்துகிறான். எனினும், அவளது சொந்த விருப்பம் அவன் எண்ணத்தில் பின்தங்கியே நிற்கிறது.

தங்கம்மா என்னும் எதிரொளி

முதியவர் ஒருவருக்கு மனைவியாக்கப்பட்ட இளம்பெண் தங்கம்மா பாபுவை நாடி வருகிறாள். அவளோடு நேர்ந்த உறவுக்குப் பின்னரே, யமுனாவின்பால் தான் கொண்டிருப்பது காதல் என்பதைப் பாபு தெளிகிறான். மீண்டும் வரும் தங்கம்மாவை அவன் விலக்குகிறான். அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். புறநானூற்று நக்கண்ணையார் பாடல்கள் பெண்பாற் கைக்கிளைக்குச் சான்றாவன. அம்மரபின் நீட்சியாகத் தங்கம்மாவைக் காண இடமுண்டு. யமுனாவின் முன் பாபு நிற்கும் நிலையும் பாபுவின் முன் தங்கம்மா நிற்கும் நிலையும் ஒன்றே. பாபுவின் குற்றவுணர்வு இந்த ஒப்புமையை எட்டுவதில்லை. தன் தூய்மை குலைந்தது பற்றிய கவலையே அதில் மிகுகிறது. ஒருவனது அகவளர்ச்சிக்கு ஒருத்தியின் உயிர் விலையாகும் இவ்விடத்தை வளர்ச்சிப் படிநிலை என்று மட்டும் கூறிக் கடந்துவிட இயலாது.

மறுமொழியின் வருகை

பாபு தன் காதலை வெளிப்படுத்தும்போது யமுனா மறுக்கிறாள். அவன் பெறும் முதல் மறுமொழி இம்மறுப்பே. வறுமையுற்ற யமுனா பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் அவனை அடைந்து, இறுதியில் இசைகிறாள். அவ்விசைவில் நன்றியுணர்வும் ஆதரவற்ற நிலையும் கலந்துள்ளமையை மறைக்கவியலாது. ஆயினும், இத்தனை ஆண்டுத் தவிப்பும் இதன்பொருட்டுத்தானா என்னும் கருத்துப்பட அவள் எழுப்பும் வினா, வழிபாடு, வேட்கை ஆகிய இரண்டையும் ஒருசேர நிறுத்துப் பார்க்கிறது. அங்கு அவள் வழிபடப்படும் உருவமாகவோ விரும்பப்படும் உடலாகவோ அன்றி, மதிப்பிடும் மனிதராக நிற்கிறாள். ரங்கண்ணாவிடம் இசை பயின்று நாதத்தைச் செவிமடுக்கக் கற்றவன், இவ்வொரு குரலைக் கேட்க இத்தனை காலம் தேவைப்பட்டது என்பதே புதினத்தின் நுட்பமான முரண்.

முடிவுரை

முதற்காதலின் முடிவில் பாபு இசைப்பயிற்சியை நாடி வடக்கே புறப்படுகிறான். பயிற்சியை மீண்டும் தொடங்குபவனாக அவனைக் காட்டியதன்வழி, புதினம் அவனை முழுமை பெற்றவனாக அறிவிக்காமல் விடுகிறது. யமுனாவின் வினா அவன் செவியை எட்டிவிட்டது. தங்கம்மாவின் குரல் எட்டவில்லை. பாபுவின் பாத்திர வளர்ச்சியை மதிப்பிடும் ஆய்வுகள் இவ்விரண்டையும் இணைத்தே நோக்குதல் வேண்டும்.