பெரும்பான்மையின் தேர்ச்சி

ஒரு தொகை நூலை மதிப்பிடப் புகுவோர் அதில் உள்ளவற்றை மட்டும் பார்த்து அமைதல் ஆகாது. எவை எவ்வளவு இடம்பெற்றன, எவை இடம்பெறாது போயின, தொகுத்தோர் எந்த அளவுகோலைக் கைக்கொண்டனர் என்பவற்றையும் கேட்டல் வேண்டும். கவிதைத் தொகுப்புகளுக்குரிய இக்கேள்விகள், எந்திரங்களுக்குத் தமிழ் கற்பிப்பதற்கென இன்று திரட்டப்படும் வாக்கியத் தொகுப்புகளுக்கும் உரியவை என்பது எமது கருத்து. அவற்றை எந்திரமே வாசிக்கிறது. வாசிப்பின் விளைவை அனுபவிப்போரோ மனிதர். அத்தகைய தொகுப்பொன்றைக் கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்தில் நின்று நோக்குவதே எமது நோக்கம்.

2021ஆம் ஆண்டில், திராவிட மொழிகளுக்கான ஆய்வரங்கு ஒன்றையொட்டி, புண்படுத்தும் கருத்துரைகளை எந்திரத்தால் இனங்காணும் போட்டி நடைபெற்றது. தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மூன்று மொழிகள் அதில் இடம்பெற்றன. தமிழ்ப் பயிற்சித் தொகுப்பில் இருந்த கருத்துரைகள் 35,139. யூடியூபில், பெரும்பாலும் திரைப்பட முன்னோட்டங்களின் கீழ், ஆங்கிலம் கலந்து எழுதப்பட்டவை அவை. அவற்றை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். புண்படுத்தாதவை 25,425, எவரையும் குறியாது வசைபாடுபவை 2,906, ஒரு கூட்டத்தாரைத் தாக்குபவை 2,557, தனியாளைத் தாக்குபவை 2,343, தமிழே அல்லாதவை 1,454, நிறுவனம், நிகழ்ச்சி முதலிய ஏனையவற்றைத் தாக்குபவை 454. இதனைத் திரட்டி, யாவரும் பயன்கொள்ளத் திறந்து வைத்தோரின் உழைப்பு பாராட்டுக்குரியது. பாராட்டியபின் குறையையும் எடுத்துரைப்பது விமர்சனத்தின் கடன்.

எந்திரம் கற்கும் முறை விளங்குதற்கு அரிதன்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது ஒரு வகுப்பை ஊகிக்கிறது. பிழைத்தால் தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது திருத்திக்கொள்கிறது. மொத்தப் பிழையைக் குறைப்பதே அதற்கு இடப்பட்ட பணி. முப்பத்தையாயிரத்தில் 454 பிழைப்பது அக்கணக்கில் ஒரு பொருட்டன்று. எதையுமே படியாது, அனைத்தையும் ‘புண்படுத்தாதவை’ என்று கூறிவிடும் எந்திரமும் நூற்றுக்கு 72 பெற்றுவிடும். வசையொன்றையேனும் காணாத ஒன்று வசை காண்பதில் தேறிவிட்டது என்றால், அது எத்தகைய தேர்ச்சி?

போட்டியை நடத்தியோர் இதனை அறியாதவரல்லர். எந்திரம் சுட்டியவற்றுள் எத்தனை சரி, சுட்டவேண்டியவற்றுள் எத்தனை சுட்டப்பட்டன என்னும் இரண்டையும் இணைக்கும் அளவையை அவர்கள் கைக்கொண்டனர். ஆனால் தரவரிசைக்கு, வகுப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப நிறையிட்ட சராசரியையே எடுத்தனர். இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். மற்றெல்லா வகுப்புகளையும் பிழையின்றி அறிந்து, 454 பேர் கொண்ட வகுப்பை முற்றாகக் கைவிட்ட எந்திரம் ஒன்றைக் கற்பனை செய்வோம். சோதனையிலும் விகிதம் இதுவேயாயின், நிறையிட்ட சராசரியில் அது இழப்பது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவே. ஆறு வகுப்புகளையும் சமமாக மதிக்கும் சராசரியிலோ ஆறிலொரு பங்கை, அதாவது ஏறத்தாழப் பதினேழை அது இழக்கும். எந்திரம் ஒன்றே, அளவுகோல் மாறியதும் குற்றத்தின் பருமனும் மாறிவிட்டது. எந்தச் சராசரியைக் கொள்வது என்பது கணிதம் தரும் விடையன்று. யாரைப் பொருட்படுத்துவது என்ற தீர்மானமே அது.

இது ஏட்டுச் சர்ச்சையன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல்கள் நிகழ்ந்தபோது வெறுப்புரைகள் முகநூலிற் பரவின. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. கூட்டத்தாரைத் தாக்கும் உரை மேற்கூறிய தொகுப்பில் நூற்றுக்கு ஏழு மட்டுமே. ஆயின் வீடுகளுக்குத் தீ மூட்டுவது அந்த ஏழேயாகும்.

பரிகாரங்கள் உள. சிறுவகுப்பின் பிழைக்கு மிகுதியான தண்டம் விதிக்கலாம். 454க்கும் 25,425க்கும் சமநிலை வேண்டின் ஒரு பிழையை ஐம்பத்தாறாக எண்ணவேண்டும். சிறுவகுப்பின் வாக்கியங்களை மீளமீளக் காட்டலாம். 2002இல் முன்வைக்கப்பட்ட ஒரு முறைப்படி, அயலிலுள்ள இரு மாதிரிகளுக்கு இடையே புதிய மாதிரிகளைச் செயற்கையாக ஆக்கலாம். ஆனால் ஐம்பத்தாறு மடங்கு பெருக்கும்போது, வகுப்புப் பெயர் இட்டவரின் தவறும் ஐம்பத்தாறு மடங்கு பெருகும். மீளமீளக் காட்டினால் எந்திரம் உருப்போடுமேயன்றி உணராது. மறுபுறம், குற்றமற்ற உரைகளில் நூற்றுக்கு ஒன்றை அது தவறாகச் சுட்டினாலே 254 பேர் வீணே குற்றவாளிகளாவர். கண்டறியப்படாத வசை ஓர் அநீதி. வாய் அடைக்கப்பட்ட நிரபராதி மற்றோர் அநீதி.

இனித் தர்மபுரத்துக்கு வருவோம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் உள்ள ஊர் அது. இனவன்முறைகளால் மலையகத்தை விட்டுப் பெயர்ந்தோரின் வழிவந்த மக்கள் வாழும் குடியேற்றம். 2009இல் போர் கடந்து சென்ற மண். அங்கே தோட்டத்துப் பேச்சும் வன்னிப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அயலயலே ஒலிக்கின்றன. நண்பனை அன்போடு ‘அட விசரா’ என்று அழைக்கும் வழக்கு நம்மிடையே உண்டு. அதே சொல் பகையோடு வரும்போது வசையாகும். இவ்வேறுபாட்டைத் திரைப்பட முன்னோட்டத்தின் கீழே கற்ற எந்திரம் எங்ஙனம் அறியும்? காணி, குளம், காணாமற்போன பிள்ளை ஆகியவைபற்றி இவ்வூரவர் கொதித்து எழுதும் வரியை அது எந்த வகுப்பில் இடும்?

454க்கு நிறை கூட்டலாம். ஆயின் தொகுப்பில் இடமே பெறாதோரின் எண்ணிக்கை சூன்யம். சூன்யத்தை ஐம்பத்தாறால் அன்று, ஐம்பதாயிரத்தாற் பெருக்கினும் சூன்யமே. ஆகவே இதன் தீர்வு சூத்திரத்தில் மட்டும் இல்லை. தொகுப்போர் தர்மபுரம் போன்ற ஊர்களுக்கு வரவேண்டும். மக்களின் சம்மதத்தோடு அவர்தம் பேச்சைத் திரட்டவேண்டும். அப்பேச்சின் இனிமையையும் கடுமையையும் அறிந்தோரே வகுப்புப் பெயர் இடவேண்டும். வகுப்புதோறும் பெற்ற மதிப்பெண்ணைத் தனித்தனியே வெளியிடவேண்டும். பெரும்பான்மையின் தேர்ச்சியை அனைவரதும் தேர்ச்சியாகக் காட்டும் சராசரியை நாம் ஏற்பதற்கில்லை.