மூன்றரை அடி நடையும் ஒரு பச்சையும்

அல்சூரில் எங்கள் வீட்டு நடைக்குப் பெயின்ட் அடித்து முடித்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. காய்கறிக் கடையில் பேசுகிறேன், ஆபீஸ் கேன்டீனில் பேசுகிறேன், வீட்டுக்கு வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றியதுமே நிறுத்தி வைத்துக் காட்டுகிறேன். அப்படி ஒரு நிறம்! மோரில் கறிவேப்பிலையை அரைத்து விட்டது போல வெளிறிய, கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சை.

நடை என்றால் மூன்றரை அடி அகலம், 22 அடி நீளம், 10 அடி உயரம். வாசலில் தொடங்கிச் சமையல்கட்டுக்குத் திரும்பும் இடம் வரை ஓடுகிறது. இடது பக்கம் அறைகளின் கதவுகள். வலது பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், அதனால் ஜன்னலே கிடையாது. அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர் என்று பழைய கன்டோன்மென்ட் பக்கம் எங்கே போனாலும் இப்படி ஒரு நடையைப் பார்க்கலாம். இப்போது 20க்கு 30 சைட்டில் மூன்று மாடி எழுப்புகிறவர்கள் வீட்டிலும் இதேதான். பெங்களூரில் பாதிப் பேர் தினமும் இப்படி ஒரு சந்தைத் தாண்டித்தான் காபி குடிக்கப் போகிறோம். அதற்கு நல்ல நிறம் அமைந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு உற்சாகம்.

"வெள்ளை அடிச்சு விட்டுருங்கக்கா, பெருசா தெரியும்" என்றார் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரி. அத்தையும் அதையே சொன்னார். எல்லாரும் சொல்வதுதான். ஆனால் வெள்ளை தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருமே தவிர, தானாக வெளிச்சம் தராது. விழுவதற்கே வெளிச்சமில்லாத இடத்தில் அது சாம்பலாகி, மூலைகளில் அழுக்கு நீலமாகத் தெரியும். கொழும்பு 33வது லேனில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த 11ஆம் எண் வீட்டில் நீளமான வெள்ளை நடை ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து இருந்த நான்கு சின்ன வீடுகளைப் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக வாங்கி இணைத்து உண்டாக்கிய வீடு அது. அங்கே வெள்ளை ஜொலிக்கிறது, ஏனென்றால் வழியில் ஆங்காங்கே வானத்தைப் பார்த்துத் திறந்த சின்ன முற்றங்கள் இருக்கின்றன. மேலிருந்து கொட்டும் வெயிலை அந்தச் சுவர்கள் கை மாற்றி விடுகின்றன. எங்கள் நடைக்கு அப்படி ஒரு வானம் கிடையாது. ஜூன் தொடங்கிவிட்டால் பெங்களூர் வானமே மாதக்கணக்கில் மூட்டமாக இருக்கிறது, நடைக்குள் என்ன வந்துவிடப் போகிறது!

என் மனம் முதலில் போனது சிவப்பின் பக்கம். கப்பன் பார்க்கை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. 1868இல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரியும், 1915இல் வந்த மத்திய நூலகமும், அந்தச் சிவப்பும் மரங்களின் பச்சையும்! சாயங்கால வெயிலில் அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் அது வெயில் குடிக்கும் சிவப்பு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான், பச்சையும் நீலமும் கூடுதல் நேரம் தாங்கும். பொஹீமியாவைச் சேர்ந்த பர்கின்யே என்ற உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். சார்ட் பேப்பரில் செங்கல் சிவப்பு அடித்து நடையின் நடுவில் ஒட்டிப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கே மண்நிறமாகிவிட்டது. பச்சைச் சார்ட் அதே இடத்தில் பச்சையாகவே நின்றது. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த வேலையின் உயிர். குறுகிய நடையில் ஒரு சுவர் தனியாக இருப்பதே இல்லை. இரண்டு சுவர்களும் மூன்றரை அடியில் முகத்துக்கு முகம் நிற்கின்றன. ஒன்றில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து திரும்பி, மறுபடி போகிறது. ஒரு பச்சைப் பூச்சு, தன்மேல் விழும் பச்சை ஒளியில் 70 பங்கும் சிவப்பு ஒளியில் 60 பங்கும் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பட்டு வரும்போது விகிதம் 70க்கு 60, வித்தியாசம் சொற்பம். இரண்டாவது முறை 49க்கு 36. மூன்றாவது முறை 34க்கு 22. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் பச்சை தூக்கலாகிக்கொண்டே போகிறது. அதனால்தான் ஷேட் கார்டில் பாவம் போல இருக்கும் நிறம் நடைக்குள் வந்ததும் நான் இருக்கிறேன் என்று எழுந்து நிற்கிறது. கார்டில் உங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தொட்டு, அதிலிருந்து ஒரு படி வெளிறியதாக, ஒரு படி சாம்பல் கூடியதாக எடுக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, தயவுசெய்து செய்து பாருங்கள். ஒரே நிறத்தை இரண்டு பெரிய சார்ட்டில் அடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றை மட்டும் ஒட்டிப் பாருங்கள். அப்படி ஒரு படி இறக்கி எடுத்த எங்கள் பச்சை அப்போது வெறும் சாம்பலாகத்தான் இருந்தது. இரண்டாவதை அதற்கு நேர் எதிரே ஒட்டிய நொடியில் முதல் சார்ட்டில் பச்சை ஊறி வந்தது! சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்ச் சார்ட்டைக் கழற்றினால் சாம்பல், ஒட்டினால் பச்சை. "அட, ஆமாம்டி" என்று சொல்லிவிட்டு அத்தையே இன்னொரு முறை கழற்றி ஒட்டிப் பார்த்தார்.

கடையில் நின்று மட்டும் நிறத்தை முடிவு செய்யவே கூடாது. அங்கே பெரும்பாலும் 6500 கெல்வின் பளீர் வெள்ளை விளக்கு. நம் நடையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு என்றால் அதே பச்சை வேறு பச்சையாகிவிடும். நிறத்துக்கு எல்ஆர்வி என்று ஒரு எண்ணும் உண்டு, எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற அளவு, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. கேட்டால் சொல்வார்கள். ஜன்னல் இல்லாத நடைக்கு 60ஐ ஒட்டி இருந்தால் நிறமும் நிற்கும், இருட்டும் ஏறாது.

எங்கள் வீட்டுத் தரை பழைய ரெட் ஆக்சைடு. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகிவிட்ட அரக்குச் சிவப்பு. அதன் பக்கத்தில் இந்தப் பச்சை வந்ததும் தரை புதிதாகப் போட்டது போல ஆகிவிட்டது. எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்று பாரிஸில் கோப்லேன் சாயப்பட்டறையின் பொறுப்பிலிருந்த ஷெவ்ரோல் 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அரக்கு உடம்புக்குப் பச்சை பார்டர் போட்டு நெய்கிற காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழே மூன்றரை அடி உயரம் வரை அதே பச்சையில் அழுத்தமான ஒன்று, டேடோ மாதிரி. சைக்கிள் ஹேண்டில்பார், கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் ஸ்கூல் பை எல்லாம் உரசுவது அங்கேதான். உயரமான ஒடுக்கமான நடைக்குக் குறுக்கே அந்தக் கோடு ஓடும்போது, கண் மேலே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போகிறது. நடை அகலமாகிவிட்ட மாதிரியே தோன்றுகிறது. அந்த இடத்தில் முன்பு ஆயில் பெயின்ட் இருந்தது. அதைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டே சுரண்டச் சொன்னேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, பழைய பூச்சின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

பளபளப்பும் வேண்டாம். வாசலிலிருந்து வரும் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டே போகும்போது, பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மேஸ்திரி அதற்கு ஒன்று செய்தார், அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். போன் டார்ச்சைப் போட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தார். நேரே பார்த்தால் வழவழவென்று இருந்த சுவரில் அலை அலையாக நிழல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி டார்ச் பிடித்துப் பார்த்த பிறகுதான் பிரைமரைத் தொட்டார். மேலே மேட் எமல்ஷன், கீழே துடைத்தால் போகிற மாதிரி லேசான மினுக்கு. கதவு நிலைகளையும் சுவரின் நிறத்திலேயே அடிக்கச் சொன்னபோது மட்டும் "நிலைக்குப் பிரவுன்தானேக்கா" என்று தயங்கினார். அடித்து முடித்ததும் அவரே தள்ளி நின்று பார்த்தார். இடது பக்கம் துண்டு துண்டாகத் தெரிந்த சுவர் ஒரே வீச்சில் ஓட ஆரம்பித்துவிட்டது.

கடைசிச் சுவர் மஞ்சள். பழுத்த, அடர்த்தியான மஞ்சள். இந்தத் துணிச்சலைக் கொடுத்தவர் மெக்சிகோவின் லூயிஸ் பராகான். மெக்சிகோ நகரத்தில் 1970களில் அவர் கட்டிய காசா கிலார்டி வீட்டில், ஒடுக்கமான சாளரங்கள் வழியாக வரும் வெளிச்சம் மஞ்சளாகி நீண்ட நடை முழுவதும் நிறைகிறது. அந்த வீட்டின் முற்றத்தில் வெட்டாமல் விட்டுக் கட்டிய மரம் ஜக்கராண்டா. பிப்ரவரி, மார்ச்சில் நம் பெங்களூர்த் தெருக்களை ஊதா ஆக்கும் அதே மரம்தான்! எங்கள் நடையில் நடுக்கூரை விளக்கை எடுத்துவிட்டு, அந்த மஞ்சள் சுவர் மேல் விழுகிற மாதிரி ஒரு விளக்கு போட்டோம். வாசலில் கால் வைத்ததுமே கண் நேராக அங்கே போகிறது. சூடான நிறம் கிட்டே வந்து நிற்பதால் 22 அடி நீளமும் சுருங்கிவிட்டது. போன வாரம் தெரு முழுக்க கரன்ட் போய் வந்தபோது, விளக்கு எரிந்ததும் மஞ்சள்தான் முதலில் குதித்துக்கொண்டு வந்தது.

செலவைப் பற்றிப் பயப்பட ஒன்றுமே இல்லை. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டிங்குக்கு ஏறத்தாழ 120 முதல் 140 சதுர அடி வரும். எங்கள் இரண்டு நீளச் சுவர்களும் கதவுகளைக் கழிக்காமலே 440 சதுர அடிதான். டேடோவைத் தனியாகப் பார்த்தாலும் ஒரு 4 லிட்டர் டப்பாவும் கூட இரண்டு சின்ன டப்பாக்களும் வாங்கினால் தீர்ந்தது. ஆகவே அடுத்த முறை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, ஹாலில் மிஞ்சியதை நடைக்குப் பூசி முடித்துவிடாதீர்கள். அதற்கென்று ஒரு நிறம் வாங்குங்கள். சார்ட்டை இரண்டு பக்கமும் ஒட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.