ஆடகசவுந்தரி: ஓர் அரசியின் உறவுகளும் நமது வரலாற்று நோக்கும்

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்துள்ள ஓர்ஸ் ஹில்லில் கோணேசர் கோயிலின் பழங்கதையைக் கேட்பவர், முதலிற் செவியுறும் பெயர் குளக்கோட்டனுடையதாகும். கோயிற் றிருப்பணி செய்தவன், கந்தளாய்க் குளத்தை அமைத்தவன், கோயிற் றொழும்புகளை வகுத்தவன் அவன் என்பர். அவனுக்கு மனைவியாக வாய்த்தவள் ஆடகசவுந்தரி என்பது அக்கதையின் ஓரத்தில் நிற்கும் செய்தி. ஆயின், மரபை ஊன்றி நோக்கின், அவன் வருமுன்னரே இங்கு அரசு செலுத்தியவள் அவள். ஆட்சிக்குரிய ஒருத்தி மனைவி என்ற அளவிற் சுருங்கியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

திருக்கோணாசல புராணம், 1962இல் அச்சேறிய மட்டக்களப்பு மான்மியம் முதலியவை அவளது கதையைப் பேணியுள்ளன. விவரங்களில் அவை வேறுபடினும் கதையின் எலும்புக்கூடு ஒன்றே. கலிங்க அரச குலத்திற் பிறந்த பெண்மகவு தீய குறியுடையதென அஞ்சப்பட்டுப் பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறது. பேழை ஈழத்துக் கரையை அடைகிறது. குழந்தை வளர்ந்து உன்னாசகிரியின் அரசியாகிறாள். சோழ இளவரசன் தன் நாட்டிற் புகுந்து திருப்பணி செய்வதறிந்து அவனை வெளியேற்றப் படை அனுப்புகிறாள். பகை முடிவில் மணமாகிறது. மணத்தின் பின்னர் கதை அவளை அநேகமாக மறந்துவிடுகிறது. கவிராஜவரோதயனின் கோணேசர் கல்வெட்டோ தானத்தார், வரிப்பத்தார் ஆகியோரின் கடமைகளை விரித்துரைப்பது. கோயிலைச் சார்ந்த நிலமானிய ஒழுங்கிற்கு நியாயம் வழங்கும் நூலில் ஒழுங்கை வகுத்த ஆடவனே நடுநாயகமாதல் வியப்பன்று.

பேழைக் கதை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மகாவம்சத்தில் களனி அரசன் மகளும் கடலில் விடப்பட்டு உரோகணக் கரையை அடைந்து, காவன்தீசனை மணந்து, விகாரமகாதேவியாகித் துட்டகைமுனுவைப் பெறுகிறாள். பகைமைக்கு மேற்கோளாகக் காட்டப்படும் இருவேறு மரபுகள் ஒரே கதைக்கருவைப் பகிர்ந்துகொள்வது சிந்திக்கற்பாலது. வேறுபாடும் நோக்கத்தக்கது. விகாரமகாதேவியின் பெருமை மகனால் வருவது. ஆடகசவுந்தரியின் பெருமையோ தன் அரசால் வருவது. பிறந்த வீட்டினின்று நீக்கப்பட்டு, அந்நிய மண்ணிற் கரையேறி, அங்கு அதிகாரத்தின் இணைப்பாதல் இருவர்க்கும் பொது. மணத்தின்பொருட்டுக் கடல் கடந்த அரசகுலப் பெண்டிரின் அனுபவமே இவ்வாறு கதையாக உறைந்தது என்பது நமது கருத்து.

இதற்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1070இல் பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்ட முதலாம் விஜயபாகு, கலிங்க இளவரசி திலோகசுந்தரியை மணந்தான். அவளது உறவினர் மூவர் சிங்கபுரத்திலிருந்து இங்கு வந்ததைச் சூளவம்சம் கூறுகிறது. மன்னனின் தங்கை மித்தாவோ பாண்டிய இளவரசனுக்கு மனைவியானாள். 1110இல் விஜயபாகு இறந்ததும், மித்தாவின் மக்கள் ஒருபுறமும் திலோகசுந்தரியின் மகன் விக்கிரமபாகு மறுபுறமுமாக அரியணைப் போர் மூண்டது. ஆயினும் திலோகசுந்தரியின் மகள் இரத்தினாவலி மணந்தது மித்தாவின் மகன் மானாபரணனையே. அவர்களின் மகன் முதலாம் பராக்கிரமபாகு. விக்கிரமபாகுவின் மகன் இரண்டாம் கஜபாகு. அரசுக்காகப் பொருத இவ்விருவரும் ஒரே கலிங்கப் பாட்டியின் பேரர். கஜபாகு தன் இறுதிக் காலத்தைக் கழித்த இடம் கந்தளாய். ஆடகசவுந்தரியின் கதை வேர்கொண்ட நிலமும் அதுவே.

பெண் ஆட்சியும் அக்காலத்துக்குப் புதிதன்று. பராக்கிரமபாகுவின் தேவி லீலாவதி 1197க்கும் 1212க்கும் இடையில் மும்முறை அரியணை ஏறினாள். நிசங்கமல்லனின் தேவி கல்யாணவதி 1202 முதல் 1208 வரை ஆண்டாள். படைத்தலைவர்களே அவர்களை முன்னிறுத்தினர் என்பது உண்மை. ஆயினும் அரச உரிமை பெண்வழியிலும் நியாயப்படுத்தப்படலாம் என்று சமூகம் ஏற்றிராவிடின், படைத்தலைவர்க்கு அவர்களின் பெயர் தேவைப்பட்டிராது.

திருகோணமலைக் கோட்டைப் பகுதியிற் கிடைத்த வடமொழிக் கல்வெட்டொன்று, சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கதேவன் இலங்கைக்கு வந்ததைக் குறிப்பிடுகிறது. கலிங்கத்து மாகன் 1215இல் பொலன்னறுவையைக் கைப்பற்றியதை அடுத்த காலம் அது. இச்சோடகங்கனே குளக்கோட்டன் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அம்முடிவை ஏற்பினும் மறுப்பினும், பெயர் ஒன்றே போதிய சான்று. கலிங்கத்தில் 1078இல் அரியணை ஏறிய அனந்தவர்மன் சோடகங்கன், கங்கத் தந்தைக்கும் சோழ இளவரசி இராஜசுந்தரிக்கும் பிறந்தவன். தாயின் குலமும் தந்தையின் குலமும் ஒரே பெயரில் இணைந்தன. சோழனும் கலிங்கப் பெண்ணும் மணந்த கதை, இதே உறவை மறுதலையாகச் சொல்கிறது எனலாம்.

இந்நிலை கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க் மன்னன் மகள் மார்கரெட் 1363இல் பத்து வயதில் நோர்வே அரசனுக்கு மணமுடிக்கப்பட்டாள். மகன் ஓலாவ் 1387இல் இறந்தபின், தமக்கையின் பேரனைத் தத்தெடுத்து, 1397இல் கல்மாரில் மூன்று நாடுகளுக்கும் ஒரே முடியைச் சூட்டுவித்தாள். முடி சூடியவன் எரிக். 1412இல் தான் இறக்கும்வரை ஆட்சியை நடத்தியவள் மார்கரெட். மணவுறவு அவளைக் கருவியாக்கியது; அவளோ அவ்வுறவையே தன் கருவியாக்கினாள். அவளது அரசியலை ஆவணங்கள் காத்தன. ஆடகசவுந்தரிக்கு வாய்த்தது தலபுராணம் மட்டுமே.

கல்லும் அவளுக்குத் துணைநிற்கவில்லை. கோட்டை வாயிலிற் பொறிக்கப்பட்டுள்ள தமிழ்ச் செய்யுள் குளக்கோட்டனை நினைக்கிறது, பறங்கியர் செய்த அழிவையும் கூறுகிறது, அரசியைக் கூறவில்லை. இதற்கு எதிராகக் கந்தளாய்ப் பகுதியின் பளமோட்டைக் கல்வெட்டை வைத்து நோக்குதல் தகும். விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரிய அத்தமிழ்ச் சாசனத்தில், நங்கைசானி என்னும் பிராமணப் பெண் இறந்த கணவன் நினைவாகச் சிவன் கோயிலுக்கு அறக்கட்டளை வைக்கிறாள். வேளைக்காரப் படையினர் அதற்குக் காவலாகின்றனர். கைம்பெண் ஒருத்தி தன் சொந்தப் பெயரிற் செல்வத்தை ஆண்டதற்குக் கல் சான்று பகர்கிறது. புராணம் அடக்கிய குரலை ஓரளவு மீட்டெடுக்க இத்தகைய சாசனங்களே நமக்கு உதவுவன.

அரசகுல உறவுகளை விதந்தோதுவது நமது நோக்கமன்று. அவ்வரசர் குளத்து நீருக்கும் வயல் விளைவுக்கும் மக்கள் உழைப்புக்கும் உரிமை கொண்டாடவே குலப்பெருமை பேசினர். சோழர்க்கு இலங்கை அரசில் உரிமையில்லையெனக் கல்லிற் பொறித்த நிசங்கமல்லனே கலிங்கத்திலிருந்து வந்தவன். அவன்றான் கந்தளாயில் பார்வதியின் பெயரால் அறச்சாலையும் அமைத்தான். கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின என்று கதை சொல்லும்போது, மண் சுமந்த மாந்தர் மறைக்கப்படுகின்றனர். அரசி மறைக்கப்பட்டதும் அதே மறைப்பின் இன்னொரு பக்கமே.

தலபுராணம் கட்டுக்கதையெனத் தள்ளிய முற்போக்கு விமரிசகரும், அதனை நிலவுரிமைப் பத்திரமாக ஏந்திய இனவாதிகளும் இவ்வரசியைக் காணத் தவறினர். முன்னவர் கதையோடு அவளையும் எறிந்தனர். பின்னவர் அவளது கணவனின் குலத்தை மட்டும் எண்ணினர். இக்கரையின் மண்ணுக்காக இவ்வளவு குருதி சிந்தப்பட்ட பின்னர், அக்கவனக்குறைவு வெறும் ஆராய்ச்சிப் பிழையன்று. கலிங்கத்திற் பிறந்து, ஈழத்தில் ஆண்டு, சோழனை மணந்தவளை எந்த ஓர் இனத்தின் எல்லைக்குள் அடைக்கவியலும்? தூய குலம் என்ற எண்ணத்தை மறுப்பதற்குத் திருகோணமலை மரபே நமக்கு ஓர் அரசியைத் தந்துள்ளது. அவளைக் குளக்கோட்டனின் தேவி என்று மட்டும் இனியும் நாம் எழுதுவோமாயின், பிழை புராணகாரனுடையதன்று, நம்முடையதே.