பாட்டு எவருடையது?

முதலிற் பாடியவரே பாட்டுக்கு உரியவர். பின்வந்தோர் நகலெடுப்போர் என வாதிப்பாருளர். நாம் இதனை ஒப்புவதற்கில்லை.

‘ரெஸ்பெக்ட்’, அதாவது ‘மரியாதை’, என்னும் பாட்டை 1965-இல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் தாமே இயற்றி இசைத்தட்டிற் பதித்தார். வீடு திரும்பும் ஆடவன் தன் துணைவியிடம் கேட்கும் மரியாதை அது. 1967-இல் அதே இனத்து அரீத்தா பிராங்கிளின் அம்மையார் அதனைப் பாடினார். கேட்பவள் பெண்ணானதும் வேண்டுகோள் உரிமையாயிற்று! மூலத்தில் இல்லாதவாறு, அச்சொல்லை எழுத்துக் கூட்டி, அறியாதாருக்குப் பாடம் சொல்வதுபோல் முழங்குகிறார். சகோதரியர் எர்மாவும் கரோலினும் பின்னின்று குரல் கொடுக்கின்றனர். ஒருத்தியின் குறை ஒரு கூட்டத்தின் குரலாகிறது.

ரெட்டிங்கின் துடிப்பை நாம் குறைத்து மதிப்பதில்லை. ஆயினும் அவர் தட்டைக் கேட்குங்கால், எழுத்துக் கூட்டும் அவ்விடம் வரவில்லையே என்று நம் செவி தேடுகிறது.