வினாவும் குரலும்: களவியலுரையை முன்வைத்துச் சில கருத்துக்கள்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் இறையனார் களவியலுரையை முன்னிறுத்திப் போற்றுவர். அதன்கண் உள்ள அடுக்குத் தொடர்களையும், எதுகை மோனை பொருந்திய செறிந்த நடையையும் எடுத்துக்காட்டி வியப்பர். அவ்வுரை எவ்வாறு உருவாயிற்று, பலர் கைப்பட்டு வந்த ஓர் உரைக்கு ஒரு குரல் எவ்வாறு வாய்த்தது என்னும் வினாக்களை எழுப்பினோர் மிகச் சிலரே. ஆய்வு மாணவர்க்கு எழுதப் பயிற்றும் கடமை பூண்ட எமக்கு இவ்வினாக்கள் வெறும் வரலாற்று வினாக்களாகத் தோன்றவில்லை. மாணவர் எழுதும் ஆய்வேடு ஒன்றில் ஆசிரியர் பங்கு எவ்வளவு, மாணவர் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு நாள்தோறும் எம் மேசைமேல் கிடக்கின்றது. அதற்குரிய ஒளி பழைய உரையொன்றிலிருந்து கிடைக்குமாயின் அதனைத் தேடுதல் தகும்.

சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் 1883-இல் அச்சேற்றிய அந்நூலின் உரைப்பாயிரமே உரை நடந்து வந்த வரலாற்றைக் கூறுகின்றது. நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனார்க்கு உரைத்தார் எனத் தொடங்கி, முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பதின்மர் பெயரை அது நிரல்படச் சொல்லுகின்றது. உரையிடையே மேற்கோளாகப் பெருவழக்காய் வரும் பாண்டிக்கோவைப் பாடல்களோ ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனாகிய நெடுமாறனைப் பாடுவன. ஆகவே இன்று எம் கையிலுள்ள உரை ஒருவர் ஒரு காலத்தில் இருந்து எழுதி முடித்ததன்று. ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டு, வினவி, ஐயம் தீர்ந்து, பின் தாமே ஆசிரியராகிச் சொல்லிய உரை அது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கேட்ட வினாக்களையும் பெற்ற விடைகளையும் அதனுள் விட்டுச் சென்றிருத்தல் வேண்டும்.

இங்கு ஒரு தடை எழும். வினாவி விடுத்தல் உரையாசிரியர்கள் கையாளும் ஓர் உத்தியே. வடமொழியில் பதஞ்சலியின் மாபாடியமும் கடாவும் விடையுமாகவே நடக்கின்றது. ஆகவே களவியலுரையின் வினாக்களுக்குப் பின்னே உண்மையான மாணவர் இருந்தனர் என்பது எவ்வாறு துணியப்படும் என்பர். இத்தடை வலியுடையதே. நன்னூலார் காலத்திற்குள் இம்முறை இலக்கணமாகவே வகுக்கப்பட்டுவிட்டது. உரைக்குரிய உறுப்புக்கள் பதினான்கனுள் வினாவும் விடையும் தனித்தனி எண்ணப்படுகின்றன. எனவே களவியலுரையின் வினாக்கள் எல்லாம் வகுப்பறையில் எழுந்தன என்று யாம் வாதிடவில்லை. பல வினாக்கள் வெறும் சடங்கு வினாக்களே என்பது படிப்போர்க்கு எளிதிற் புலனாகும். சொல்தோறும் நின்று 'இது ஏன்' எனக் கேட்டு, முன்னமே சமைத்து வைத்த விடையைக் கூறிச் செல்லும் பகுதிகள் அவ்வுரையில் உள. அவற்றைப் படிக்குங்கால் உறக்கம் வருதலும் உண்டு.

ஆயினும் சில இடங்களில் வினா வேறு வகையாக நிற்கின்றது. களவு என்னும் சொல்லைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். களவு தீது என்று உலகமும் அறநூலும் கூறக் கேட்டு வளர்ந்த ஒருவன், அகப்பொருள் நூல் அதனை நன்று எனக் கொண்டு ஒழுக்கமாக வகுப்பதைக் கண்டு திகைக்கின்றான். இவ்வினாவிற்கு இலக்கண விதியால் விடை கூற இயலாது. கேட்பவனது மனத்தில் உண்மையாகவே ஒரு முட்டு நேர்ந்திருக்கின்றது. உரையாசிரியர் என் செய்தார்? ஒரு வீட்டு நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்குகின்றார். சுற்றத்தாரோடு பூசலிட்ட பெண் ஒருத்தி நஞ்சுண்டு இறக்கக் கருதி, அதனைக் கூட்டி வைத்துத் தடுப்பார் இல்லாத வேளை பார்த்திருக்கின்றாள். அருளுள்ளம் உடைய ஒருவன் அதனைக் கண்டு, அவள் அறியாமல் அந்நஞ்சைக் கவர்ந்து சென்று கொட்டிவிடுகின்றான். அவள் வந்து பார்த்து, நஞ்சு காணாமையால் சாவு தவிர்கின்றாள். அவன் செய்ததும் களவே. அக்களவினால் ஓர் உயிர் பிழைத்தது.

இப்பகுதியின் நடையை நோக்குக. உரையின் பிற இடங்களிற் காணும் அணிநலம் எதுவும் இங்கில்லை. தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சியைத் தொடர்ந்து ஓடுகின்றன. சொற்கள் வீட்டினுள் வழங்கும் சொற்கள். ஒரு மாணவன் முகத்தை நோக்கி ஒருவர் பேசும் குரல் நம் செவியில் விழுகின்றது. இக்குரல் நக்கீரருடையதா, இடையிலிருந்த ஓர் ஆசிரியருடையதா, எவர் வினவியதால் இவ்வெடுத்துக்காட்டுப் பிறந்தது என்பன அறியக் கிடைத்தில. ஆனால் விடை தெரியாமல் வினவிய ஒருவன் இல்லாமல் இவ்விடை பிறந்திராது என்பது எம் துணிபு.

இதனோடு, தலைவி ஆயத்தாரை நீங்கிச் சோலையிடைத் தனித்து நிற்கும் நிலையை உரைக்கும் பகுதியை ஒப்பிடுக. மரங்களின் பெயரும் பூக்களின் பெயரும் அடுக்கடுக்காக வந்து, பாட்டென்றே மயங்குமாறு உரை நடக்கின்றது. உரைநடை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது இப்பகுதியே. அதன் ஓசையின்பத்தை யாமும் மறுக்கவில்லை. ஆனால் அங்கு வினவுவார் எவரும் இலர்; உரையாசிரியர் தம் ஆற்றலைத் தாமே கேட்டு மகிழ்கின்றார். அப்பகுதியை வேறோர் உரையில் எடுத்து வைத்தாலும் பொருந்தும். நஞ்சு கவர்ந்தோன் கதையோ அவ்விடத்தை விட்டு எடுத்தால் உயிர் நீங்கும். உரைநடையின் சிறப்பு இவ்விரண்டனுள் எதன்கண் உளது என எம்மை வினவின், தயங்காது பின்னதனையே சுட்டுவோம்.

இவ்வேறுபாட்டை விளக்குதற்குரிய கருவி நன்னூலிலேயே இருக்கின்றது. பவணந்தியார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்தார். ஆசிரியன் தான் அறிந்ததனை மாணவன் அறிவானோ எனச் சோதிக்கக் கேட்பது அறிவு வினா. தான் அறியாததனை அறிய வேண்டிக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் துணியமாட்டாது கேட்பது ஐய வினா. பள்ளிதொறும் இப்பகுப்பு மனப்பாடம் செய்யப்படுகின்றது. ஆசிரியர்க்குரியது அறிவு வினா, மாணவர்க்குரியது அறியா வினா என்னும் அளவில் நின்றுவிடுகின்றோம். அப்பங்கீடு பாடங்கேட்கும் நிலைக்குப் பொருந்தும். ஆய்வு நிலைக்குப் பொருந்துமோ என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா.

பாடங்கேட்பதன் எல்லையையும் பவணந்தியாரே உணர்ந்திருந்தார். ஆசிரியன் உரைத்ததனை நன்கு கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்கூறே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும் என்றும், பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைக்கூறு நிரம்பும் என்றும் பொதுப்பாயிரத்தில் அவர் கூறுகின்றார். ஆசிரியர்க்கு அளந்து கொடுத்த பங்கு நான்கில் ஒன்று. அதற்கு மேல் ஆசிரியர் எடுத்துக்கொள்வாராயின் அது மாணவன் பங்கிலிருந்து எடுத்ததேயாகும்.

அறியா வினா ஒன்று ஒரு பெரும்பணியை ஈன்ற வரலாறு அண்மைக் காலத்திலும் உண்டு. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்குக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரை முதற்கண் வினவியது, யாரிடம் பயின்றீர், என்னென்ன பயின்றீர் என்பதே. அந்தாதி, கலம்பகம், கோவை, புராணம் என ஐயர் வரிசைப்படுத்திய நூற்பெயர்கள் முதலியாரை அசைக்கவில்லை. சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி அவர் வினவியபோது ஐயரிடம் விடையில்லை. இந்நிகழ்ச்சியை ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் மறையாது எழுதியுள்ளார். இதனை எடுத்துக்காட்டுவோர் முதல் வினாவின் கூர்மையையே பெரிதும் பாராட்டுவர். எமக்கு அதனினும் முதன்மையாகத் தோன்றுவது பின்னர் நிகழ்ந்தது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, அதனைத் தமக்குப் பாடஞ் சொல்லுமாறு கேட்டார். அந்நூற்பொருள் முதலியார்க்கும் தெரியாது. முன்னது சோதிக்கும் வினா. அது ஐயரை வருத்தியது. பின்னது அறிய விழையும் வினா. அது அவரைத் தேட வைத்தது.

சைவ மடத்தில் பயின்ற ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, சமயச் சொற்களின் பொருளை அவர்களிடம் கேட்டு அறிந்தார். ஏட்டுப் பிரதிகள் பல வந்து சேர்ந்தன. 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது. அப்பதிப்பில் முதலியாரின் தூண்டுதல் உண்டு. சமணப் பெரியோரின் அறிவு உண்டு. ஏடு உதவியோர் பலர் உளர். ஆயினும் பதிப்பு ஐயருடையது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. உதவியோர் யாரும் அவருடைய வாக்கியத்தைத் தாம் எழுதித் தரவில்லை.

களவியலுரையின் தோற்றத்தைப் பற்றிய கதையும் இவ்விடத்து நினைவிற்கு வருகின்றது. சங்கப் புலவர் ஒவ்வொருவரும் உரை கண்டு தத்தம் உரையே மெய்யுரை என்றபோது, அதனைத் தேர்ந்து காட்ட உப்பூரிகுடிகிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் ஐயாண்டுப் பிள்ளை அமர்த்தப்பட்டான். அவன் வாய் பேசாதவன். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரையைக் கேட்டபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தான் என்பர். இதனைத் தெய்வக் கதையெனத் தள்ளுதல் எளிது. ஆனால் தேர்வாளனாகப் பேச இயலாத ஒருவனைக் கதை அமைத்தோர் தெரிந்தெடுத்தது எண்ணத்தக்கது. கேட்பதற்கு அவனுக்குச் செவி உண்டு. உரைக்குள் செருகுவதற்குத் தன் சொல் ஒன்றும் அவனிடம் இல்லை. (இக்காலத்துத் தேர்வாளர் சிலர்க்கும் நெறியாளர் பலர்க்கும் இவ்வியல்பு ஓரளவேனும் வாய்ப்பின் நன்று.)

எம் தவறு ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். நெய்தல் திணைப் பாடல்களை ஆய்ந்த மாணவர் ஒருவர், மீன் உணக்கலைக் காத்துப் புள் ஓப்பும் தலைவியைப் பற்றித் தம் முதல் வரைவில் ஏறத்தாழ இவ்வாறு எழுதியிருந்தார்: மீன் காயும் வரையில் பெண் கரையை விட்டு அகல முடியாது, வெயில் சாயும் மட்டும் அவள் அங்கேயே நிற்பாள் என்பது எல்லார்க்கும் தெரியும், தலைவன் வந்து காண்பதற்கு அதைவிட உறுதியான இடம் வேறில்லை. அவர் கடற்கரை ஊரினர். யாம் அப்பகுதி ஆய்வு நடையில் இல்லை என்று கருதி, சிவப்பு மையால் அடித்து, கருப்பொருளும் உரிப்பொருளும் தம்முள் இயைந்து நிற்கும் பான்மையைப் பற்றி ஒரு தொடரை அவ்விடத்து எழுதிக் கொடுத்தோம். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அப்பக்கத்தைத் திறந்து, இவ்வியைபு எத்தகையது என வினவினார். மாணவர் எம் தொடரை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். மேலும் வினவியபோது வாய் திறந்திலர். அவர் அறிந்த விடையை அடித்துவிட்டு, அவர் அறியாத விடையை அவர் வாயில் வைத்தோர் யாமே. பட்டம் கிடைத்தது. அவ்வேடு எம் துறை நூலகத்தில் இருக்கின்றது. அப்பக்கத்தை யாம் மீண்டும் திறந்து பார்ப்பதில்லை.

அவ்விடத்து யாம் வினவியிருக்கத்தக்கது ஒன்று உண்டு. மீன் காய எவ்வளவு நேரமாகும், எப்பறவைகள் வரும், தாயர் அவ்வேலைக்கு மகளை ஏன் அனுப்புவர் எனக் கேட்டிருக்கலாம். இவற்றிற்கு எமக்கு விடை தெரியாது, அவர்க்குத் தெரியும். அவர் கூறும் விடைகள் நெய்தற் பாடல்களில் பகற்குறி அமையும் முறைக்கு ஒரு புதிய விளக்கமாக வளர்ந்திருக்கவும் கூடும். அறிவு வினாவையே கேட்டுப் பழகிய நாவிற்கு இவ்வினாக்கள் தோன்றவில்லை.

எழுத்தைத் திருத்தவே கூடாது என்பது எம் கருத்தன்று. சந்திப் பிழையும் மேற்கோட் பிழையும் திருத்தப்படல் வேண்டும். அதற்கு வினா வேண்டியதில்லை. கருத்து மயங்கிய இடத்தில் ஐய வினா வேண்டும்: இத்தொடரால் நீ கருதியது இதுவோ, அதுவோ? மாணவரே ஒன்றைத் தெரிந்து எழுதட்டும். பொருள் புதிதாக வெளிப்படும் இடத்தில் அறியா வினா வேண்டும். இதற்கு ஆசிரியர் ஓரிடத்தேனும் அறியாதவராக இருக்க ஒப்புதல் வேண்டும். துறைகளில் அருகிக் காணப்படுவது இவ்வொப்புதலே. மாணவர்கள் ஒருவர் வரைவை மற்றவர் படித்து வினவும் வழக்கம் ஏற்படின், பவணந்தியார் கூறிய இரண்டாம் காற்கூறும் வீணாகாது.

நெய்தல் ஆய்வேட்டு நிகழ்ச்சிக்குப் பின் யாம் வரைவின் விளிம்பில் வினாவை மட்டும் எழுதுவதென வைத்துக்கொண்டோம். பன்முறை கை பழைய வழக்கிற்கே ஓடுகின்றது. இவ்வாண்டு ஒரு மாணவியின் வரைவில், களவியலுரையின் அடுக்குநடையை யாம் குறைத்து மதிப்பிடுகின்றோம் என்றும், செவியாற் கேட்டு நினைவில் இருத்த வேண்டிய உரைக்கு அவ்வோசையே பிடிமானமாயிற்று என்றும் எழுதப்பட்டிருந்தது. யாம் விளிம்பில் ஒரு வினா எழுதினோம். அதற்கு அவர் இரண்டு பக்கத்தில் விடை எழுதியுள்ளார். அவ்விடை எமக்கு இன்னும் முழுவதும் உடன்பாடன்று. இயலில் அது அவர் எழுதியவாறே நிற்கின்றது.