குவேனி கதையில் அச்சச் சுவை

அச்சம் பிறக்கும் களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கெனக் கூறினார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கதைகளைச் சுவைப்போர் பெரும்பாலும் முதலிரண்டோடு அமைந்துவிடுவர். ஈழநாட்டின் மிகப் பழைய பேய்க்கதைகளுள் ஒன்றாகிய குவேனி கதையோ முதற்களனிலே தொடங்கி நான்காவதிலே சென்று முடிகின்றது. அது முடியும் இடமும் நோக்கற்பாலது. ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்வோர், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே கூர்த்து நிற்கக் காண்கின்ற சிவனொளிபாதமலையே அவ்விடமாகும். பாளி நூலார் அதனைச் சுமணகூடம் என்றனர்.

கதை மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரத்தில் உள்ளது. அச்சத்தை எழுப்புந் திறத்தில் அதன் ஆசிரியர் மகாநாம தேரர் கைதேர்ந்தவர். விசயனின் எழுநூறு தோழரும் ஒருவர்பின் ஒருவராகச் சென்று மீளாதொழிகின்றனர். அவர்களைத் தேடிச் சென்ற விசயன் அழகியதொரு குளத்தைக் காண்கின்றான். அதனின்று ஏறி வந்தவன் ஒருவனது அடிச்சுவடேனும் ஆங்கு இல்லை. அருகே தவமகள் போன்று ஒரு பெண் அமர்ந்திருக்கின்றாள். பேயின் பல்லையும் நகத்தையும் வருணித்து அச்சமூட்ட முயலும் பிற்காலக் கதைகள் பலவற்றினும் இச்சுவடின்மை கொடிது. தோழர் பிலத்துள் அடைபட்டிருந்தனர். கையிற் கட்டிய காப்புநூலின் வலியால் அவர்களை உண்ண இயலாது அவள் காத்திருந்தாள். விசயன் அவள் கழுத்திற் சுருக்கிட்டு, கூந்தலைப் பற்றி வாளை ஓங்குகின்றான். அவள் உயிர்ப்பிச்சை கேட்டு, அரசு தருவதாகவும் மனைவியாவதாகவும் வாக்களிக்கின்றாள்.

இதுகாறும் அணங்கு தந்த அச்சம். அடுத்து வருவது வேறு. சிரிசவத்து என்னும் நகரிலே இயக்கர் திருமணக் களிப்பில் மூழ்கியிருக்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத இயக்கரைக் கொல்வது எவ்வாறு என விசயன் வினவ, தான் குரலெழுப்பும் இடத்திலே வெட்டுக என்கின்றாள் குவேனி. மணவீட்டின் இருளிலே தன் இனத்தார் நிற்குமிடத்தை ஒருத்தி கூவிக் காட்ட, அக்குரலைப் பின்பற்றி வாள் வீழ்கின்றது. இக்காட்சியிற் பேய் எது, மானுடம் எது என்று பிரித்தறிதல் அரிது.

பின்னர் விசயன் முடிசூட விரும்பி மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வருவிக்கின்றான். குவேனியைப் போகவிடுகின்றான். அவள் ஆண்குழந்தையும் பெண்குழந்தையுமாகிய தன் மக்கள் இருவருடனும் இயக்கரின் இலங்காபுரத்திற்குச் செல்கின்றாள். குழந்தைகளை ஊர்ப்புறத்தே நிறுத்தித் தான் மட்டும் உள்ளே புகுகின்றாள். வேவு பார்க்க வந்தாள் என இயக்கர் ஐயுறுகின்றனர். அவருள் ஒருவன் ஓரடியால் அவளைக் கொல்கின்றான். விசாரணை இல்லை, அவள் உரைத்த சொல் ஒன்றேனும் நூலில் இல்லை. ஆசிரியரும் இரண்டொரு வரிகளிலே அதனைக் கடந்துவிடுகின்றார். அவ்வதிகாரத்தின் முடிவிலோ, விசயன் முன்னைத் தீயொழுக்கத்தை விடுத்து 38 ஆண்டு அறநெறி பிறழாது ஆண்டான் என்கின்றார்! குவேனியைக் கைவிட்டமை அத்தீயொழுக்கத்துள் அடங்குமோ, அடங்காதோ என்பதை அவர் கூறிற்றிலர்.

யவன நாடகத்து மீடியாவோடு இவளை ஒப்பிடுதல் இயல்பே. இருவரும் வந்தேறிய வீரனுக்காகத் தம்மினத்தைக் காட்டிக் கொடுத்தவர். இருவரும் அரசமகள் ஒருத்தியின் பொருட்டுக் கைவிடப்பட்டவர். இருவர்க்கும் மக்கள் இருவர். ஆயினும், கி.மு. 431இல் ஊரிபிடீசு அரங்கேற்றிய மீடியா தன் மக்களைத் தானே கொன்றாள். குவேனி ஊருக்குள் நிகழக்கூடியதை அறிந்தாள்போலும், மக்களை வெளியே நிறுத்திச் சென்றாள். பேய்மகள் எனப்பட்டவளின் தாய்மை இவ்வொரு செயலாலே புலப்படுகின்றது.

ஒற்றன் என்ற ஐயத்தால் நிகழ்ந்த மற்றொரு கொலையைச் சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதை கூறுகின்றது. கலிங்கத்துச் சிங்கபுரத்திலே அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை, அரசனிடம் பணிபுரிந்த பரதன் பகைவர் ஒற்றன் எனப் பற்றிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர்விடும் வேளையிலே சாபமிட்டாள். அப்பரதனே மறுபிறப்பிற் கோவலன் ஆயினன். விசயன் புறப்பட்ட நகரின் பெயரும் சிங்கபுரம் என்றே மகாவம்சம் கூறுகின்றது. அதனை இலாட நாட்டது என அந்நூல் கூறுதலின், பெயரொற்றுமை கொண்டு வரலாறு கட்டுதல் தகாது. இலக்கிய ஒற்றுமையோ மறுக்கவொண்ணாதது. ஒரு வேறுபாடும் உண்டு. சங்கமன் முற்றும் குற்றமற்றவன். குவேனி முன்னொருகாற் காட்டிக் கொடுத்தவள். அன்று சுமத்திய குற்றத்திற்கோ உரியவளல்லள். தன்னைத் துரத்தியவனுக்கு ஒற்று எனக் கருதப்பட்டு அவள் இறந்தாள். துன்பியலின் ஆழம் இங்கேதான் கூடுகின்றது.

அமெரிக்க நாவலாசிரியர் ஹாதோர்ன் 1851இல் வெளியிட்ட ‘ஏழு கூம்புமுக வீடு’ என்ற நாவலும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவனது நிலத்தை விரும்பிய பிரபு, அவன் சூனியக்காரனெனத் தூக்கிலிடப்படத் துணைநிற்கின்றான். இறப்பவன் இடும் சாபம் அப்பிரபுவின் குடியைத் தலைமுறைதோறும் தொடர்கின்றது. 1692இல் பத்தொன்பதின்மரைத் தூக்கிலிட்ட சேலம் நகரச் சூனிய விசாரணையின் நடுவருள் ஒருவர் ஹாதோர்னின் முன்னோராவார். ஆதலின் நூலாசிரியர் தம் குடிப்பழியையே எழுதினார் எனலாம்.

இனி, குவேனியின் சாபம் யாண்டுளது? மகாவம்சத்தில் இல்லை. விசயன் தனக்குப்பின் ஆள மகனின்றித் தம்பியின் நாட்டிற்கு ஆளனுப்பினான் என்று மட்டும் அந்நூல் கூறும். சாபத்தைக் கண்டவர் கண்டி மலைநாட்டுச் சிங்கள மக்கள். கொஹொம்பா கங்காரிய என்னும் அவர்தம் சடங்கின் மரபுப்படி, விசயன் அவளுக்குச் செய்த ஆணை பிழைத்தமையால் விளைந்த தோஷம் சிறுத்தை வடிவிலே அவன் மருகன் பாண்டுவாசுதேவனை வருத்தியது. மலைய மன்னன் ஒருவனை மாயப்பன்றி ஒன்றால் ஈர்த்து வந்து, அவனைக் கொண்டு அந்நோய் தீர்த்தனர் என்பர். கண்டி நடனம் பெரிதும் இச்சடங்கினை அடியாகக் கொண்டது. அரசவை நூல் இரண்டு வரிகளிற் கடந்த வழக்கினை ஊர்மக்கள் விடியும்வரை பறைகொட்டி ஆடுகின்றனர். 1963இல் ஹென்றி ஜயசேன தமது ‘குவேனி’ நாடகத்தால் அவளை மீண்டும் மேடையேற்றியதும் இவ்வழிப்பட்டதேயாம்.

தோட்டங்களிலே மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்து வேறு மரபினது. தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவந்தது. ஆயினும் குவேனி கதையை அறிந்தோர் அதனைக் கண்டால் திடுக்குறுவர். தேவர் ஏவலாற் சிவபிரான் தவத்தைக் கலைத்த காமன் எரிகின்றான், ஏவியவர் தப்புகின்றனர், இரதியின் ஒப்பாரி இலயங்களின் நடுவே இரவெல்லாம் ஒலிக்கின்றது. அங்கே மூன்றாம் நாளிற் காமன் உயிர் பெறுகின்றான். குவேனிக்கு அந்த மூன்றாம் நாள் இல்லை.

ஊர்ப்புறத்தே நின்ற குழந்தைகள் யாதாயினர்? தாய்மாமன் ஒருவன் கண்டு, உங்களையும் கொல்வர், ஓடுங்கள் என்கின்றான். சீவகத்தன், திசாலை என்ற அவ்விருவரும் சுமணகூடத்தை அடைந்து, வளர்ந்து பெருகி, அரசன் இசைவோடு அம்மலையத்திலே வாழ்ந்தனர் என்று நூல் முடிக்கின்றது. அரசன் இசைவோடு என்னும் சொற்களை ஆசிரியர் சேர்த்திருக்க வேண்டுவதில்லை. சேர்த்தமையாலே, தொல்காப்பியர் இறுதியில் வைத்த அச்சம் கதையின் இறுதியிலும் வந்து நிற்கின்றது. தந்தையின் நாட்டிலே மக்கள் தங்குதற்குத் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. அம்மலையின் அடிவாரக் காடுகளை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அவருள் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.