ஒரு மைல் தள்ளிக் குடியிருக்கும் சகிப்பு: க்ரெவ்கேரின் விவசாயக் கடிதங்கள்

‘ஓர் அமெரிக்க விவசாயியின் கடிதங்கள்’ 1782இல் லண்டனில் வெளியான புத்தகம். இதன் மூன்றாம் கடிதம் ரொம்பப் பிரபலம். பல நாட்டு ரத்தம் கலந்து ஒரு புது மனிதன் பிறக்கிறான் என்ற பேச்சு அங்கேதான் வருகிறது. அமெரிக்கர் என்றால் யார் என்று எழுத உட்காருகிறவர்கள் அதை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. அதே கடிதத்தில் இன்னொரு வாதமும் இருக்கிறது: மதச் சண்டையைத் தணிக்கிற வேலையை விவசாயமே பார்த்துக்கொள்ளும் என்று. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். க்ரெவ்கேர் 1735இல் பிரான்ஸின் நார்மண்டியில் பிறந்தவர். கனடாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, பிறகு நியூயார்க் காலனியில் ஆரஞ்சு கவுண்டியில் பண்ணை வைத்தார். கத்தோலிக்கராகப் பிறந்தவர், 1769இல் அவர் கல்யாணத்தை நடத்திவைத்தவர் புராட்டஸ்டண்ட் போதகர். புத்தகத்தில் பேசுகிற ஜேம்ஸ் கற்பனைப் பாத்திரம், பென்சில்வேனியா விவசாயி.

ஜேம்ஸ் நம்மைச் சாலையோரமாகவே கூட்டிக்கொண்டு போகிறார். முதல் வீடு ஒரு கத்தோலிக்கருடையது. கோதுமை விளைகிறது, பிள்ளைகள் நிறைய. ஒரு மைல் தள்ளி ஜெர்மன் லூத்தரன். அதற்கு அடுத்து, தாய்ச்சபையோடு சண்டை போட்டுப் பிரிந்த தீவிரப் பிரிவுக்காரர் ஒருவர். அப்புறம் ஒரு டச்சுக்காரர். படு சுத்தமான பண்ணை, கொழுத்த குதிரைகள். திருவிருந்து அப்பம் என்னவாக மாறுகிறது என்பதில் முதல் இரண்டு பேருக்கும் ஒத்தே போகாது. ஐரோப்பாவில் இந்த மாதிரி விஷயத்துக்காகத் தலைகள் உருண்டிருக்கின்றன. இங்கே என்னடான்னா, வழிப்போக்கன் பழத்தோட்டத்தைப் பார்க்கிறான், வண்டியைப் பார்க்கிறான், போய்விடுகிறான். தீவிரக்காரருக்குக் கூட்டம் சேர்க்கக்கூட ஆள் கிடைக்காது, வீடுகள் அவ்வளவு தள்ளித் தள்ளி. பிள்ளைகள் கலந்து கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் எந்தச் சபை என்பதே மங்கிப்போகும்.

இதைச் சும்மா அழகான கற்பனை என்று தள்ள முடியாது. 1635இல் மாசசூசெட்ஸ் காலனிச் சபை போட்ட உத்தரவைப் பாருங்க: புதிய ஊர்களில் ஜெபக்கூடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் தள்ளி யாரும் வீடு கட்டக் கூடாது. பாதுகாப்பும் ஒரு காரணம், கண்காணிப்பும் ஒரு காரணம். அதே காலனிதான் 1659 முதல் 1661 வரை 4 குவேக்கர்களை பாஸ்டனில் தூக்கில் போட்டது. வீடுகள் விலகினால் பிடி தளரும் என்பது ஆட்சியாளர்களுக்கே தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு க்ரெவ்கேரின் கண் கூர்மையானது.

ஆனால் அவர் காட்டுவது சகிப்பா, அக்கறையின்மையா? அவருடைய விவசாயிகள் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்தவன் நம்பிக்கை இவர்களுக்குக் காலணாச் செலவு வைப்பதில்லை.

செலவு வைத்த ஒரு சம்பவம், க்ரெவ்கேர் பிற்பாடு உழுத அதே நியூயார்க்கில் நூறு வருஷம் முன்னால் நடந்தது. அப்போது அது டச்சு ஆட்சியில் இருந்த நியூ நெதர்லாந்து. ஆளுநர் ஸ்டைவசன்ட், குவேக்கருக்கு ஒரு ராத்திரி இடம் கொடுத்தாலும் 50 பவுண்டு அபராதம் என்று உத்தரவு போட்டார். ஃப்ளஷிங் என்ற விவசாய ஊரிலிருந்து 1657 டிசம்பர் 27 அன்று 30 பேர் சொச்சம் கையெழுத்திட்டு ஒரு மனு போனது. குவேக்கர்களுக்காகப் பேசிய அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் குவேக்கர்கள் இல்லை. வருகிறவர் யாரானாலும் எங்களால் கதவைச் சாத்த முடியாது என்றார்கள். யூதர், துருக்கியர் வரைக்கும் பேர் சொல்லிச் சேர்த்தார்கள். ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறைக்குப் போனார். 1662இல் அதே ஊர் விவசாயி ஜான் பவுன், வீட்டில் குவேக்கர் கூட்டம் நடத்தியதற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மறு வருஷம் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி ஆளுநரைக் கையை அடக்கச் சொன்னது. கெடுபிடி பண்ணினால் குடியேற ஆள் வராது என்ற கணக்கும் அதில் உண்டு. இங்கே க்ரெவ்கேர் பாதி ஜெயிக்கிறார். ஆனால் அந்தக் கணக்கைப் போட வைத்தது சிறைக்குப் போன விவசாயிகள்தான்.

மறுபக்கத்துக்கு, ஜேம்ஸின் பென்சில்வேனியாவையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் பென் மனச்சாட்சிச் சுதந்திரத்தைச் சட்டமாகவே எழுதிவைத்த காலனி. அங்கே 1763 டிசம்பரில் பாக்ஸ்டன் பக்கத்து எல்லைப்புறக் குடியேறிகள் கோனெஸ்டோகா பழங்குடியினர் 20 பேரைக் கொன்றார்கள். முதலில் 6 பேர். மிச்சம் 14 பேர் பாதுகாப்புக்காக லங்காஸ்டரில் அடைத்து வைக்கப்பட்டிருந்தபோது. கொன்றவர்களுக்கும் நிலம் இருந்தது, வீடுகளும் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. ஜேம்ஸின் சாலையோர வரிசையில் பழங்குடியினர் வீடு ஒன்றுகூட இல்லை. அவர்களை விலக்கிய நிலத்தில்தான் அந்த நாலு பேரும் சமாதானமாக இருக்கிறார்கள்.

கடைசிக் கடிதத்தில் புரட்சிப் போர் வருகிறது. ஜேம்ஸ் பண்ணையை விட்டுப் பழங்குடிக் கிராமத்துக்கே ஓடத் திட்டமிடுகிறார். அங்கே போனால் பிள்ளைகள் அவர்களைப் போலவே மாறிவிடுவார்களோ என்று பதறுகிறார்! பேரப்பிள்ளைகள் காலத்தில் எல்லாம் கலந்துவிடும் என்று சந்தோஷப்பட்ட அதே மனிதர். க்ரெவ்கேருக்கும் நிஜத்தில் அப்படித்தான் ஆயிற்று. 1783இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபோது பண்ணை எரிந்திருந்தது, மனைவி இறந்திருந்தார்.

அந்தக் கடைசிக் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் மூன்றாம் கடிதம் முழுசாகப் புரியும். நல்ல விளைச்சல், நடுவில் ஒரு மைல் தூரம்: இரண்டும் இருக்கிறவரைக்கும் அவர் சொன்ன அமைதி உண்மை. ஆனால் அது போய்விட்டால் என்ன செய்வது என்று அந்தப் புத்தகத்திடம் பதில் இல்லை. ராத்திரியில் கதவு தட்டப்பட்டபோது 50 பவுண்டு அபராதம் தெரிந்தே திறந்த ஃப்ளஷிங்காரர்களிடம் ஒரு பதில் இருந்தது.